படகுத்துறையில் தொடங்கும் உயிர்காப்பு: அமெரிக்கக் கடலோரக் காவல் துணைப்படையில் தன்னார்வலராகச் சேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் உயிரிழந்ததாக அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கை பதிவு செய்திருக்கிறது. இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் 75 விழுக்காட்டினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அவர்களுள், உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார்களா இல்லையா என்ற விவரம் கிடைத்தவர்களில் 87 விழுக்காட்டினர் அதை அணிந்திருக்கவில்லை. மீட்புப் படகு எவ்வளவு விரைந்து வந்தாலும், அங்கியின்றிக் குளிர்நீரில் விழுந்தவருக்கு அது பெரும்பாலும் காலம் கடந்தே வந்து சேர்கிறது. ஆகவே படகுப் பாதுகாப்பில் தன்னார்வத் தொண்டு செய்ய விரும்புவோர், அலைகளைக் கிழித்துச் சென்று மீட்கும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு வருவதைவிட, படகு கரையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய பணியை மனத்தில் வைத்து வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே அமைகிறது.

துணைப்படை என்பது என்ன

1930களில் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகுகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியபோது, அவற்றை ஓட்டுவோருக்குப் பாதுகாப்பு முறைகளைக் கற்பிக்கவும் நீர்வழிகளில் உதவவும் கடலோரக் காவல்படைக்குப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. அக்குறையைப் போக்க, படகு வைத்திருக்கும் குடிமக்களையே ஒன்றுசேர்க்கும் சட்டம் 1939 ஜூன் 23 அன்று நிறைவேறியது. தொடக்கத்தில் ரிசர்வ் என்று அழைக்கப்பட்ட அந்த அமைப்பு, 1941 பிப்ரவரியில் வந்த மற்றொரு சட்டத்தால் ஆக்ஸிலரி, அதாவது துணைப்படை, என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

இதன் உறுப்பினர்கள் சீருடை அணிந்தாலும் ஊதியம் பெறாத குடிமக்களே, படைவீரர்கள் அல்லர். அவர்களுக்கு யாரையும் கைது செய்யவோ, படகை நிறுத்தி அபராதம் விதிக்கவோ அதிகாரம் கிடையாது. இதைக் குறையாக எண்ணிச் சிலர் தயங்குகிறார்கள். உண்மையில் இப்பணியின் பலமே இதுதான், ஏனென்றால் தண்டனை பற்றிய அச்சம் இல்லாத இடத்தில்தான் படகுக்காரர் தம் தீயணைப்புக் கருவி பழுதாகிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்வார்.

அமைப்பின் அடிப்படை அலகு ஃப்ளோட்டிலா எனப்படும் உள்ளூர்க் குழு. பல ஃப்ளோட்டிலாக்கள் சேர்ந்து ஒரு டிவிஷன், பல டிவிஷன்கள் சேர்ந்து ஒரு மாவட்டம் என்று அது மேலே விரிகிறது. தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் மட்டுமே இக்குழுக்கள் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஏரிகளும் பெரிய ஆறுகளும் உள்ள உள்நாட்டு மாநிலங்களிலும் இவை இயங்குகின்றன.

விண்ணப்பத்திற்கு முன்

குறைந்தபட்ச வயது 17, மேல்வரம்பு கிடையாது. சொந்தப் படகு இருக்க வேண்டியதில்லை, படகோட்டிய அனுபவமும் முன்நிபந்தனை அன்று. பணி ஓய்வு பெற்ற பின் சேர்ந்து நெடுங்காலம் தொண்டாற்றுவோர் பலர் உண்டு. குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை தொடர்பான தகுதியைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் இறங்குவதற்கு முன்பே ஃப்ளோட்டிலாவின் மனிதவளப் பொறுப்பாளரிடம் உங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லி விளக்கம் பெற்றுவிடுங்கள்.

துணைப்படை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், 1914இல் தொடங்கப்பட்டு இன்று அமெரிக்காஸ் போட்டிங் கிளப் என்ற பெயரில் இயங்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவர் ஸ்குவாட்ரன்ஸ் அமைப்பை நாடலாம். படகுப் பாதுகாப்பு வகுப்புகளை அவர்களும் நடத்துகிறார்கள். கீழே விவரிக்கும் பாதுகாப்புச் சோதனைத் திட்டத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

துணைப்படையின் இணையதளத்தில் உங்கள் பகுதியின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அருகிலுள்ள ஃப்ளோட்டிலாக்களின் விவரம் கிடைக்கும். முதலில் கிடைத்த குழுவிலேயே பெயர் கொடுத்துவிடாமல், இரண்டு மூன்று குழுக்களின் மாதக் கூட்டங்களுக்கு விருந்தினராகச் சென்று பாருங்கள். ஒரு குழுவில் ரோந்துப் படகுகள் நிறைய இருக்கும். மற்றொன்று வகுப்பு நடத்துவதில் பெயர் பெற்றிருக்கும். வேறொன்று கூட்டம் கூடிக் கலைவதோடு நின்றுவிடும். சென்ற ஆண்டில் எத்தனை படகுகளைச் சோதித்தீர்கள், புதிதாக வருபவருக்கு வழிகாட்ட யாரை நியமிப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அவற்றுக்குக் கிடைக்கும் விடையிலேயே அக்குழுவின் உயிர்ப்பு தெரிந்துவிடும்.

சேர்க்கையும் அடிப்படைப் பயிற்சியும்

விண்ணப்பப் படிவம், அடையாளச் சான்று, கைரேகைப் பதிவு, புதிய உறுப்பினருக்கான எளிய தேர்வு, ஆண்டுச் சந்தா ஆகியவையே சேர்க்கையின் பகுதிகள். சந்தாத் தொகை குழுவுக்குக் குழு மாறுபடும். சீருடையையும் உறுப்பினரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் அந்தச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு முடியச் சில மாதங்கள்கூட ஆகலாம். அக்காலத்தை வீணாக்காமல் கூட்டங்களுக்குச் செல்லுங்கள், பாடநூல்களைப் படியுங்கள், அனுபவமுள்ள உறுப்பினர்களுடன் படகுத்துறைக்குச் சென்று அவர்கள் பேசும் விதத்தைக் கவனியுங்கள்.

இதன் பின் எல்லா உறுப்பினருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி இணையவழியில் உண்டு. நன்னடத்தை, தனியுரிமைப் பாதுகாப்பு, பாலியல் தொல்லைத் தடுப்பு, தற்கொலைத் தடுப்பு போன்ற பாடங்கள் அதில் அடங்கும். படகோடு தொடர்பில்லாதவை என்று இவற்றைத் தள்ளிப்போடுவோர், பின்னர் தகுதிச் சான்று பெற முடியாமல் காத்திருக்க நேர்கிறது.

முறைப்படி பணிக்கு அமர்த்தப்பட்டிருக்கும் வேளையில் உங்களுக்கு ஏற்படும் காயத்துக்கும், உங்கள் செயலால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கும் கூட்டாட்சி அரசின் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு முறையான பணி ஆணையைச் சார்ந்தது. எனவே ஆர்வ மிகுதியால் ஆணையின்றித் தாமாகவே ரோந்து சென்றுவிடக் கூடாது.

எந்தப் பணியை முதலில் ஏற்பது

படகுச் சோதனையாளர், வகுப்பு ஆசிரியர், கடைகளுக்குச் சென்று பாதுகாப்புத் துண்டறிக்கைகள் வைப்பவர், ரோந்துப் படகுக் குழுவினர், வானொலிப் பணியாளர் எனப் பல வழிகள் திறந்திருக்கின்றன. இவற்றுள் படகுச் சோதனையாளர் பணியையே முதலில் ஏற்கும்படி பரிந்துரைக்கிறேன். அதற்கான பயிற்சி குறுகியது: பாடநூலைப் பார்த்தே எழுதக்கூடிய ஒரு தேர்வில் தேறி, தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் ஐந்து படகுகளைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, சட்டமும் கருவிகளும் மனிதர்களின் பழக்கங்களும் ஒரே இடத்தில் உங்களுக்குப் பிடிபடும். பின்னாளில் நீங்கள் ஆசிரியரானாலும் படகோட்டியானாலும் இந்த அறிவே அடித்தளமாக இருக்கும்.

படகுச் சோதனை: எதை, எப்படிப் பார்ப்பது

இச்சோதனை இலவசமானது, உரிமையாளரின் சம்மதத்தோடு, அவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யப்படுவது. தேறிய படகுக்கு அவ்வாண்டுக்கான ஸ்டிக்கர் ஒட்டப்படும். தேறாத படகைப் பற்றி எந்த அதிகாரியிடமும் புகார் செல்லாது. குறைகளைக் குறித்த படிவம் உரிமையாளரிடமே தரப்படும். உரையாடலின் முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அனுமதி பெறாமல் படகில் கால் வைக்காதீர்கள். கருவிகளை நீங்களே இயக்காமல், விளக்கைப் போடுங்கள், ஒலிப்பானை அழுத்துங்கள் என்று உரிமையாளரைக் கேளுங்கள். அவருடைய பொருள் அவர் கையாலேயே வெளியே வரும்போது, அது இருக்கும் இடமும் அதன் நிலையும் அவர் மனத்தில் பதிகின்றன.

உயிர்காப்பு அங்கியிலிருந்து தொடங்குங்கள். படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலளவுக்கு ஏற்ற, கடலோரக் காவல்படை ஒப்புதல் பெற்ற, நல்ல நிலையிலுள்ள ஓர் அங்கி இருக்க வேண்டும். 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில், கயாக், கனூ ஆகிய துடுப்புப் படகுகள் தவிர்த்து, நீரில் வீசக்கூடிய மிதவை ஒன்றும் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கையின் அடியில் திணித்து வைத்த அங்கி ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டாது என்பதால் அது சட்டப்படியும் தேறாது. காற்றூதி விரியும் வகை அங்கியாக இருந்தால், வாயுக்குப்பி முன்பே பயன்பட்டுத் தீர்ந்துவிடவில்லை என்பதையும் அது இறுக்கமாகத் திருகப்பட்டிருப்பதையும் பாருங்கள்; அவ்வகை 16 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று. மாநிலச் சட்டம் தனியாக இல்லாத இடங்களில், 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஓடும் படகின் திறந்த தளத்தில் அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

பெரியவர்களுக்கு அத்தகைய கட்டாயம் பல இடங்களில் இல்லாததால், அங்கே சட்டத்தைவிட உங்கள் விளக்கமே பயன் தரும். நீந்தத் தெரியும், தேவைப்பட்டால் அணிந்துகொள்வேன் என்பார்கள். அவர்களுக்கு மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கைச் சொல்லுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதிலேயே கழியும். அடுத்த 10 நிமிடங்கள்தாம் கைகால்கள் பயனுள்ள வகையில் அசையும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். அந்த 1 மணி நேரமும் மிதந்திருப்பவருக்கே வாய்க்கும். முதல் நிமிடத்தில், திணறும் மூச்சோடு, நீருக்குள் அங்கியை மாட்டிப் பட்டைகளை இறுக்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்தக் கணக்கு தானாகவே புரிய வைத்துவிடும்.

அடுத்தது தீ. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தீயணைப்புக் கருவிகள், அவற்றில் பொறித்த தயாரிப்பு ஆண்டிலிருந்து 12 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்ற விதி 2022 ஏப்ரல் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அளவுமானியின் முள் பச்சையில் நிற்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய கருவியை வைத்திருப்போர் ஏராளம் என்பதால், அடிப்பகுதியில் உள்ள ஆண்டை உரிமையாளரையே படிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சின் படகின் உட்புறம் அமைந்திருந்தால் காற்றோட்ட வழிகளையும் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். எரிபொருள் நிரப்பிய பிறகும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பும், ஆவியை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடங்கள் ஓட விட வேண்டும் என்பதை ஒவ்வொரு உரிமையாளரிடமும் சொல்லுங்கள். அவர் அறிந்தவராகவே இருந்தாலும் சொல்லுங்கள்.

கடலோர நீரிலும் பேரேரிகளிலும் ஓடும், 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பகலுக்கும் இரவுக்கும் உரிய ஆபத்துச் சைகைக் கருவிகள் இருக்க வேண்டும். எரிந்து ஒளி தரும் தீச்சுடர் (ஃப்ளேர்) வகையை வைத்திருந்தால் குறைந்தது மூன்று வேண்டும். தயாரித்த நாளிலிருந்து 42 மாதங்களில் அவை காலாவதியாகின்றன. பதிவு எண்கள் படகின் முன்பாதியில் இருபுறமும், குறைந்தது 3 அங்குல உயரத்தில், பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில், எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். இது அற்பமாகத் தோன்றினாலும், தேடுதலின்போது தொலைநோக்கியில் படகை அடையாளம் காண உதவுவது அந்த எண்தான். வழிகாட்டு விளக்குகள், ஒலிப்பான், மாநில விதிகள் ஆகியவற்றைப் படிவத்தின் வரிசைப்படி பார்த்துவிடலாம்.

ஓட்டுநர் இடத்தை விட்டு விலகினால் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும் எஞ்சின் நிறுத்தக் கயிற்றைப் பற்றி மட்டும் சற்று நின்று பேசுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான நீளமும் 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள எஞ்சினும் கொண்ட, இவ்வசதி பொருத்தப்பட்ட படகுகளை வேகமாக ஓட்டும்போது, ஓட்டுநர் அந்தக் கயிற்றையோ கம்பியில்லா இணைப்பையோ தம்மோடு பிணைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்துத் திரும்பி, நீரில் இருப்பவர் மீதே படகை உந்தும் சுழல்விசிறியோடு வரக்கூடும். கயிறு இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், எங்கே மாட்டுவீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

சோதனையில் தேறாத படகின் உரிமையாளரிடம் வாங்க வேண்டிய பொருளையும் அதன் வகையையும் தெளிவாக எழுதிக் கொடுத்து, மீண்டும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டும் ஆசையில் ஒரு குறையைக்கூடக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள்.

கயாக்குகளும் வாடகைப் படகுகளும்

துடுப்புப் படகுகளுக்குத் தனிச் சோதனைப் படிவம் உண்டு. உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றையும் துணைப்படை வழங்குகிறது. ஆளில்லாமல் மிதந்துவரும் கயாக்கைக் கண்டால், அதன் உரிமையாளர் நீரில் தத்தளிக்கிறாரா, அல்லது காற்று அதைக் கரையிலிருந்து அடித்துச் சென்றதா என்பதை அறிய வழியில்லாமல் பெரும் தேடுதல் தொடங்கிவிடும். அந்த எண் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். உண்மையாகவே ஆபத்தில் இருப்பவருக்கான தேடுதலும் தாமதமின்றித் தொடங்கும். இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள வேறொரு பொருளை நீங்கள் கையில் கொடுத்துவிட முடியாது.

கோடையில் ஏரிக்கரைகளில் கயாக்கோ, மிதவைகள் மீது தட்டையான தளம் கொண்ட பொன்டூன் படகோ வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். அவர்களுள் நீச்சல் அறியாத பெரியவர்களும், ஊரிலிருந்து பேரக்குழந்தைகளைப் பார்க்க வந்த தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். ஆங்கிலத்தில் விரைந்து சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரை அவர்களைச் சென்றடைவதில்லை. அம்மா, இந்தப் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள் என்று தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் அதன் பயன் பெரிது. தமிழ்ச் சங்கங்களின் கோடைக்கூடல்களில் அங்கி அணிந்து காட்டும் சிறு நிகழ்ச்சி ஒன்றை நடத்தலாம். ஃப்ளோட்டிலாவிடம் முன்கூட்டியே சொன்னால் துண்டறிக்கைகளும் மாதிரி அங்கிகளும் கொண்டுவர ஏற்பாடு செய்யலாம்.

வகுப்புகள்

படகோட்டியவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றாரா என்பது தெரியவந்த இறப்புகளில், ஏறத்தாழ முக்கால்வாசி பயிற்சி பெறாதவர்கள் ஓட்டிய படகுகளில் நிகழ்ந்தவை. எனவே கற்பிக்கும் திறமை உள்ளவர்கள் ஓராண்டு சோதனைப் பணிக்குப் பின் ஆசிரியர் தகுதிக்கு முயலுங்கள். வகுப்பில் விதிகளை ஒப்பிப்பதைவிட, பயண விவரத்தைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வது எப்படி, படகுகளில் உள்ள வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் மேடே எனப்படும் உயிராபத்து அழைப்பு விடுப்பது எப்படி என்பவற்றை மாணவர்களையே செய்து பார்க்க வைப்பது நிலைத்து நிற்கும். அழைப்பில் முதலில் இருப்பிடம், பிறகு ஆபத்தின் தன்மை, பிறகு படகிலுள்ளோர் எண்ணிக்கை. வானொலி இடையில் அறுந்து போனாலும் இருப்பிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ரோந்துப் படகில்

இப்பணியை நாடுவோர் பொறுமையோடு வர வேண்டும். கயிறு கையாளுதல், நங்கூரமிடுதல், பழுதான படகை இழுத்துவருதல், நீரில் விழுந்தவரைத் தூக்குதல், முதலுதவி, வழிகாணல் என நீண்ட பட்டியலை ஒவ்வொன்றாகச் செய்து காட்டி வழிகாட்டியின் கையொப்பம் பெற வேண்டும். இறுதியில் தனித் தேர்வாளர் ஒருவர் கரையில் வாய்மொழியாகவும், நீரில் செய்முறையாகவும் சோதிப்பார். பேரிடர்க் கட்டுப்பாட்டு முறை பற்றிய ஐ.சி.எஸ். பாடங்களும் தேவைப்படும். ரோந்துக்குப் பயன்படும் படகுகள் பெரும்பாலும் உறுப்பினர்களுடைய சொந்தப் படகுகளே. அவை சோதனையில் தேறிப் பணிக்கு ஏற்கப்பட்டவையாக இருக்கும். ஆணையின்படி செல்லும் பயணத்துக்கு எரிபொருள் செலவு திருப்பித் தரப்படும்.

கிளம்புவதற்கு முன் குழுவினர் அனைவரும் கூடி ஆபத்தை மதிப்பிடுவது கட்டாயம். திட்டமிடல், குழுவினரின் தகுதி, அவர்களுடைய உடல்நிலை, வானிலை, பணியின் சிக்கல் ஆகியவற்றை எடைபோட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிலைகளில் முடிவு செய்வார்கள். குழுவில் நேற்றுச் சேர்ந்தவரும் தமக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. நேற்றிரவு சரியாக உறங்கவில்லை, இந்த அலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லும் புதியவரை மதிக்காத படகில் ஏறாதீர்கள். ஃப்ளோட்டிலாத் தலைவரிடம் அதைத் தெரிவியுங்கள்.

எரிபொருள் தீர்ந்து நிற்கும் படகைக் கண்டவுடன் இழுத்துவர மனம் துடிக்கும். உடனடி ஆபத்து இல்லாத நிலையில், உதவி தேவை என்ற அறிவிப்பை வானொலியில் கடலோரக் காவல்படை வெளியிட்டு, தனியார் இழுவைப் படகுகளுக்கும் வாய்ப்பளிப்பதே நடைமுறை. அதுவரை அப்படகிலுள்ளோர் அனைவரையும் அங்கி அணியச் செய்து அருகில் காத்திருப்பதும் பணிதான். இழுக்க நேர்ந்தால், முறுக்கேறிய இழுவைக் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது; அறுந்து பின்னோக்கித் தெறிக்கும் நைலான் கயிறு ஆளைக் கொல்லும்.

தகுதியைக் காத்துக்கொள்வது

சோதனையாளர் தகுதி தொடர ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து படகுகளைச் சோதித்திருக்க வேண்டும். ரோந்துக் குழுவினருக்கும் ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய நீர்ப்பயண மணிகள் உண்டு. செய்த பணியை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். மாத இறுதியில் நினைவிலிருந்து எழுதும் பதிவுகளில் பிழை நேரும்.

ஆண்டுத் திட்டத்தைக் குளிர்காலத்திலேயே வகுத்துவிடுவது நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை பயிற்சிக்கும் வகுப்புகளுக்கும் ஒதுக்குங்கள். மே மாதம் மெமோரியல் தினத்துக்கு முன்னதாக வரும் தேசியப் பாதுகாப்பான படகோட்டல் வாரத்தில், படகுகளை நீரில் இறக்கும் சரிவுத்தளங்களில் காலை முதலே நின்று சோதனை நடத்துங்கள். குளிர்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்த படகுகள் அப்போதுதான் வெளியே வருகின்றன. காலாவதியான சுடர்களும், எலி கடித்த அங்கிகளும், மின்கலம் செத்த விளக்குகளும் அவற்றோடு வரும். காற்றில் வெயில் ஏறியிருந்தாலும், வட மாநிலங்களின் ஏரிநீர் அந்த வாரத்தில் இன்னும் குளிர்ந்தே இருக்கும் என்பதால், 1-10-1 கணக்கை அதிகமான பேருக்குச் சொல்ல வேண்டிய காலமும் அதுவே.